கேட்கும் வரிசையில் ஓர் இடம்

நவம்பர் 18, திங்கள்

நான் சொல்கிறேன், பக்கத்து வீட்டு ரூபவதி டீச்சர் எழுதுகிறார். எனக்கு எழுத்து தெரியாது. என் பேச்சைக் கொஞ்சம் சீவித்தான் எழுதுகிறார். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

காரணம் தூக்கம். படுத்தால் வருவதில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், தலை கனத்தது, கண் மூடவில்லை. டீச்சரிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, எழுதத் தெரிஞ்சவங்க மனசுல உள்ளத பேப்பர்ல போட்டுட்டு மறந்துருவாவ. உங்களுக்குப் போட இடம் இல்ல. தினம் சாயங்காலம் என்கிட்ட வந்து போடுங்க. ஜெபம் பண்ணி நோட்டை மூடி என் பீரோவுல வச்சிருவேன். அது உங்க வீட்டுக்கு வராது."

சரி என்றேன்.

என் மகன் ஜெபசிங் சரக்குத் தோணியில் போனவன். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவு மாலிக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு அக்டோபர் கடைசியில் கிளம்பினார்கள். தோணியை நடத்துகிற தண்டல் ஒருவர், வேலையாட்கள் சிலர், சமையலுக்கு சந்தியாகு. சந்தியாகு எனக்குப் பழக்கம். மீன் குழம்பில் புளி குறைத்துப் போடுவான், நான் ஏசுவேன். வழியில் புயல் வந்தது. அதற்குப் பிறகு தோணியிலிருந்து பேச்சு இல்லை. தேடுகிறார்கள்.

நான் அந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து கிழவன் ஆனவன். திரும்பி வராத தோணிகள் எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எந்த வருடம், எந்த முதலாளி, தண்டல் யார், கரையில் நின்று அழுதது எந்த வீட்டுப் பெண். படுத்தால் ஒவ்வொன்றாக வருகின்றன. நான் கூப்பிடுவதில்லை.

நவம்பர் 19

தூங்கவில்லை. தண்ணீர் லாரி வந்தது. குடங்களை நான் வரிசையில் வைத்தேன், எமிமாள் பிடித்தாள்.

நவம்பர் 21, வியாழன்

எமிமாள் என் மருமகள். வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறாள். இது கிறிஸ்மஸ் மாதத்துக்கு முந்தின மாதம், தெருவில் உள்ள அத்தனை பேர் துணியும் எங்கள் வீட்டில் கிடக்கிறது. பேத்தி கெத்சியா துண்டுத் துணிகளைப் பொறுக்கிப் பொம்மைக்குச் சுற்றுகிறாள்.

இன்று எமிமாள் தோணி முதலாளியின் ஆபீசுக்குப் போய் வந்தாள். கால் கழுவினாள். அடுப்பு பற்றவைத்தாள்.

"என்னம்மா சொன்னாவ?"

"ஒண்ணும் தெரியலையாம் மாமா. தேடிக்கிட்டு இருக்காவளாம்."

"பேசவாவது பேசினாவளா?"

"டீ குடுத்தாவ மாமா."

சாப்பிட்டோம். பிறகு அவள் ஜெபசிங்கின் சட்டைகளை எல்லாம் எடுத்து ஊறவைத்தாள். போன வாரம் துவைத்தவைதான். பூச்சி வரும் என்றாள்.

டீச்சர் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார். மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

நவம்பர் 22

டிவி ஓடவில்லை. ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்றாள் எமிமாள். பேப்பர் எனக்கு எப்படியும் ஆகாது.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனேன். வாசலில் எல்லோரும் கை கொடுத்தார்கள். போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்தே என்னை எல்லோரும் முட்டை மாதிரித்தான் பிடிக்கிறார்கள். இன்று இன்னும் மெதுவாகப் பிடித்தார்கள்.

எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாய் விரித்து உட்காருவோம். ஒரு பாட்டு. எமிமாள் வேதம் வாசிப்பாள். பிறகு எல்லோரும் முழங்காலில் நிற்க, வீட்டுக்கு மூத்தவன் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஆண்டவரிடம் கேட்க வேண்டும். மூத்தவன் நான். முதலில் கோயம்புத்தூரில் இருக்கிற மகள் லீலாவதி, அவள் புருஷன். அடுத்து ஜெபசிங், எமிமாள், கெத்சியா. கடைசியில் தெருவில் நோயாளிகள் இருந்தால் அவர்கள்.

உயிரோடு இருக்கிறவர்கள் பெயர்தான் சொல்லலாம். என் அப்பா அப்படித்தான் பழக்கினார். "செத்தவங்களுக்காகக் கேக்கப்பிடாதுல. அவங்க கணக்கு முடிஞ்சு ஆண்டவர் கையில இருக்காவ. நீ போயி அதுல கைய வைக்காத" என்பார்.

என் மனைவி அன்னபாக்கியத்தை அடக்கம் பண்ணிய அன்று சாயங்காலம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நான் ஜெபம் பண்ணினேன். வாய்ப் பழக்கத்தில், "ஆண்டவரே, அன்னபாக்கியத்தின் முழங்கால் வலியை எடுத்துப்போடும்" என்று கேட்டுவிட்டேன். அவள் தம்பி கனைத்தான். யாரோ சத்தத்தை அடக்கினார்கள். சிரிப்போ அழுகையோ தெரியாது. அன்றோடு அவள் பெயரை ஜெபத்தில் நிறுத்தினேன். அதன் பிறகு ஒருநாள்கூட வாய் தவறவில்லை.

இன்றும் ஜெபசிங் பெயரைச் சொன்னேன். பத்திரமாகக் கரை சேர்த்துவிடும் என்று கேட்டேன். எமிமாள் ஆமென் சொன்னாள்.

நவம்பர் 27, புதன்

மீன் வாங்க மார்க்கெட்டுக்கு நடந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் முழங்கால் வரை கட்டு. பார்ப்பதற்கு சந்தியாகு மாதிரி இருந்தான். அவனும் என்னைப் பார்த்தான். கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து, நொண்டி நொண்டி, கடைக்குப் பின்னால் போய்விட்டான்.

எனக்கு ஒரு கண்ணில் புரை. யாரோ.

சாளை வாங்கினேன். எமிமாள் அலசினாள். வழியில் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டாள். யாரையும் பார்க்கவில்லை என்றேன்.

டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஜெபம் பண்ணினார். நான் ஆமென் சொல்ல மறந்துவிட்டேன்.

நவம்பர் 28

தூங்கவில்லை.

நவம்பர் 29

தூங்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று வீடுகளில் நட்சத்திரம் கட்டுகிற நாள். துக்க வீட்டில் கட்டமாட்டார்கள். அந்த வருடம் பலகாரமும் கிடையாது. அதனால் டிசம்பர் பிறந்தால் தெருவில் நடந்தே எந்த வீட்டில் சாவு என்று சொல்லிவிடலாம்.

கோயில் விட்டு வந்ததும் எமிமாள் கேட்டாள். "மாமா, நட்சத்திரம் கட்டணுமா?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. என்னுடையதிலும் இருந்திருக்காது.

"கட்டும்மா. கட்டாம எப்படி?"

"சரி மாமா."

பரணிலிருந்து போன வருடத்து நட்சத்திரத்தை எடுத்தாள். ஒரு முனை எலி கடித்திருந்தது, பேப்பர் ஒட்டினாள். ஸ்டூலில் ஏறிக் கட்டினாள், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். பல்ப் எரிந்ததும் கெத்சியா கை தட்டினாள். எதிர்வீட்டு வாசலில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி, "அந்த வீட்டுல போயி நட்சத்திரமா?" என்றாள். இன்னொருத்தி, "சும்மா இருங்கக்கா, அவ கெழவருக்காவ கட்டுதா" என்றாள்.

எனக்குக் காது மந்தம். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது.

டிசம்பர் 4, புதன்

டீச்சர் இன்று வற்புறுத்தினார். "அண்ணாச்சி, தோணிக் கதை எல்லாம் சொல்லுதிய. ராத்திரி உங்களுக்கு உள்ள கவலை என்னன்னு இன்னும் சொல்லலயே."

"அதான் சொன்னேனே டீச்சர். தூக்கம் வரல."

"தூக்கம் வராதது கவலை இல்ல. கவலை வேற."

யோசித்துப் பார்த்தேன். சொல்கிறேன்.

மற்ற பெயர்களைச் சொல்லும்போது ஆண்டவர் கேட்கிறார் என்று தெரிகிறது. அடுத்த அறையில் இருக்கிற ஆளிடம் பேசுவது போல. ஜெபசிங் பெயருக்கு வந்ததும் அந்த அறை காலியாகிவிடுகிறது. பத்திரமாகக் கரை சேர்த்துவிடும் என்கிறேன். சொல்கிறபோதே அது எனக்கே பொய்யாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் முழங்காலில் நின்று பொய் சொன்னதில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் என்றைக்கு நான் அந்தப் பெயரை விடுகிறேனோ, அன்றைக்கு அவனைத் தண்ணீருக்குள் தள்ளியது நானாக ஆகிவிடும். கடல் செய்ததா இல்லையா என்பது வேறு. எமிமாள் பின்னால் முழங்காலில் நின்று அந்தப் பெயர் வருகிறதா என்று காத்திருக்கிறாள். மூச்சு நிற்பது எனக்குத் தெரிகிறது. பெயர் வந்த பிறகு விடுகிறாள்.

ஆக, சொன்னால் பொய். விட்டால் கொலை. ராத்திரி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் படுத்திருக்கிறேன்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். ஜெபம் மட்டும் பண்ணினார். என் பெயரைச் சொல்லி, எனக்குத் தூக்கம் வேண்டும் என்று கேட்டார். ஜெபசிங் பெயரை அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். இதுவரையும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டிசம்பர் 7

வெயில் நன்றாக இருந்தது. கருவாடு காயப்போட்டேன், காக்கை விரட்டினேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

எமிமாளின் அம்மா ஊரிலிருந்து வந்தாள். வாழைக்காயும் நெய்யும் கொண்டுவந்தாள். என்னிடம் "நல்லாயிருக்கீயளாண்ணே" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுக்களைக்குப் போனாள். நான் பின்புறம் தேங்காய் மட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களை ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. காது மந்தம் என்று சொன்னேன் அல்லவா, அதனால் பாதிதான் கேட்டிருக்கும்.

"எத்தன நாளைக்குடி இந்தக் கூத்து? நட்சத்திரத்தையும் கட்டி வச்சிருக்க. கலர் சேலையும் கட்டிக்கிட்டு ஊரான் துணிய தைச்சுக்கிட்டு இருக்க. பாக்கவங்க என்ன நெனப்பாவ?"

"நெனைக்கட்டும்."

"அவரு பெத்த அப்பன். சொல்லித்தான் ஆகணும். நான் சொல்லட்டுமா?"

"நீ வாயத் தொறந்த, இனிமே இந்த வீட்டுப் படி ஏறப்பிடாது. அவருக்கு நெஞ்சுல கம்பி வச்சிருக்கும்மா. ஒண்ணு போச்சு. இன்னொண்ணையும் தூக்கிக் குடுக்கச் சொல்லுதியா?"

"அப்போ நீ எப்பதான் அழுவ?"

வாழைக்காயை அரிகிற சத்தம் கேட்டது. பிறகு எமிமாள் சொன்னாள்.

"மாமா தினமும் அவிய பேரச் சொல்லிக் கேக்காவ. அவரா எப்ப விடுதாரோ, அன்னைக்கு அழுதுக்கிடுதேன்."

மட்டை வெட்டி முடித்து அடுக்கி வைத்தேன். சாயங்காலம் ஜெபத்தில் ஜெபசிங் பெயரைச் சொன்னேன். எமிமாள் மூச்சு விட்டாள்.

டீச்சர் இதை எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என்ன தெரியும் என்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 11

தூங்கவில்லை. தோணிகள்கூட வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று திருவிருந்து ஆராதனை. எனக்கு ஆராதனை முழுவதும் மனப்பாடம். சிறுவயதில் என் அப்பா கோயிலில் விளக்குத் துடைப்பார், நான் கூடவே கிடப்பேன், கேட்டுக் கேட்டே ஏறிவிட்டது. குருவானவர் தும்மினாலும் அடுத்த வார்த்தை என் வாயில் நிற்கும். அப்படி மனப்பாடம் ஆனதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. மாட்டு வண்டிச் சத்தம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

சபைக்காகக் கேட்கிறோம், நாட்டுக்காகக் கேட்கிறோம், நோயாளிகளுக்காகக் கேட்கிறோம் என்று வரிசையாகப் போகும். அதற்கு அடுத்தது, விசுவாசத்தில் மரித்தவர்களுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிற இடம். அந்த இடத்தில் கேட்கிறோம் என்பது இல்லை. அங்கே ஸ்தோத்திரம் மட்டும்தான்.

இதைப் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். இன்று அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். ஆராதனை போய்விட்டது, நான் அங்கேயே நின்றேன். அப்பம் வாங்கப் போகவும் பக்கத்து ஆள் தோளைத் தொட வேண்டியிருந்தது.

சாயங்காலம் டீச்சரிடம் கேட்டேன்.

"டீச்சர், கோயில்ல மரிச்சவங்களுக்கு நன்றி சொல்லுத இடம் ஒண்ணு வருதுல்லா. அதுல பேரு சொல்லலாமா?"

"யாரு பேரு அண்ணாச்சி?"

"பொதுவாக் கேக்கேன்."

"சொல்லலாமே. சில ஊர்ல குருவானவரே பேரச் சொல்லுவாவ."

"எங்க அப்பா சொல்லப்பிடாதுன்னாரு."

"உங்க அப்பா கேக்கப்பிடாதுன்னுதான சொன்னாவ? ஸ்தோத்திரம் சொல்லப்பிடாதுன்னு சொன்னாவளா?"

அப்பா சொன்னதை வார்த்தை வார்த்தையாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இடம், நேரம், அவர் கையில் இருந்த துடைக்கிற துணி வரை. சொல்லவில்லை. அவர் சொன்னது கேட்பதைப் பற்றி மட்டும்தான். மீதியை நானாகச் சேர்த்துக்கொண்டு இவ்வளவு காலம் அன்னபாக்கியத்தின் பெயரை வாயில் பூட்டி வைத்திருந்தேன்.

"பொதுவாத்தான் கேட்டேன்" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

டிசம்பர் 16

ஜெபசிங் பெயரைச் சொன்னேன். இன்னும் முடியவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

இன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். ஜெபம் முடித்து, சாப்பிட்ட கையோடு டீச்சர் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது என்று தெரியும்.

பாய் விரித்தோம். பாட்டுப் பாடினோம். எமிமாள் வாசித்தாள். சமாதானத்தோடு படுத்து உறங்குவதைப் பற்றிய சங்கீதம். அவள் வேண்டுமென்று எடுத்தாளா, வரிசையில் வந்ததா தெரியாது. முழங்காலில் நின்றோம்.

லீலாவதிக்காகக் கேட்டேன். அவள் புருஷனுக்காகக் கேட்டேன். அடுத்த இடத்துக்கு வந்தேன். எமிமாளின் மூச்சு நின்றது.

"எமிமாளுக்குப் பெலன் கொடும்" என்றேன். "கெத்சியாவுக்கு நல்ல சுகம் கொடும்."

பின்னால் சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு, இதுவரை எங்கள் வீட்டில் இல்லாத ஒரு இடத்துக்குப் போனேன். கால் வைக்கத் தரை இருக்குமா என்று தெரியவில்லை. சொன்னேன்.

"ஆண்டவரே, அன்னபாக்கியத்தை எனக்குத் தந்ததற்காக ஸ்தோத்திரம். அவள் தூங்குவதற்கு முன்னால் கதவைத் தள்ளிப் பார்ப்பாளே, அதற்காக ஸ்தோத்திரம். ஜெபசிங்கைத் தந்ததற்காக ஸ்தோத்திரம். மீன் தலையை அவன் எனக்கு ஒதுக்கி வைப்பானே, அதற்காக. தோணி ஏறுகிற அன்று திரும்பி வந்து என் மாத்திரை டப்பாவை ஜன்னலில் எடுத்து வைத்துவிட்டுப் போனானே, அதற்காக. ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்."

ஆமென் சொன்னது நான் மட்டும். எமிமாள் நெற்றியைப் பாயில் வைத்திருந்தாள். முதலில் சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் ஆடியது. பிறகு வந்தது. எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். கெத்சியா பயந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். நான் அழவில்லை. எமிமாள் தலையில் கை வைத்திருந்தேன். அந்த அறை காலியாக இல்லை.

அவள் அழுது முடித்து முகம் கழுவி வந்து சோறு போட்டாள். சாப்பிடும்போது கேட்டாள்.

"மாமா, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மீன் வாங்கப் போனப்ப சந்தியாகு என்னப் பாத்துட்டு நொண்டிக்கிட்டுப் போனான். அன்னைக்கு."

"யாரையும் பாக்கலன்னு சொன்னீய."

"உனக்கு எப்பம்மா?"

"சட்டை தொவச்சேன்ல. அன்னைக்கு. தோணி முங்கி, அந்தப் பக்கம் போன கப்பல்காரங்க சந்தியாகு அண்ணனையும் இன்னொருத்தரையும்தான் தூக்கினாவளாம்." கொஞ்சம் சோறு எடுத்தாள். "டிவிக்கு ரீசார்ஜ் இருக்கு மாமா. நான்தான் வயரப் புடுங்கிப் போட்டேன்."

"சரிம்மா."

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?"

"ஊத்து."

டிசம்பர் 18, புதன்

கோயில் காலை மணி அடித்ததாம். எனக்குக் கேட்கவில்லை. வெயில் முகத்தில் பட்ட பிறகுதான் எழுந்தேன். எமிமாள் எழுப்பவில்லை.

அதற்குள் அவள் நட்சத்திரத்தை அவிழ்த்து மடித்துப் பரணில் வைத்திருந்தாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். தெருவில் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலி போதவில்லை, டீச்சர் வீட்டிலிருந்து பெஞ்சு வந்தது.

டிசம்பர் 20, வெள்ளி

மூன்று இரவு தூங்கினேன். நேற்று நடுவில் ஒரு தடவை விழித்தேன். பழைய தோணிகள் வந்தன. ஒவ்வொருவர் பெயராக ஸ்தோத்திரம் சொன்னேன். எல்லாப் பெயரும் ஞாபகம் இருந்தது. முடிவதற்குள் தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 21, சனி

இன்று சந்தியாகு வந்தான். வாசலில் நின்றுகொண்டே இருந்தான். எமிமாள்தான் போய்க் கூட்டிவந்தாள். கட்டுப் போட்ட காலை நீட்டி வைக்க ஸ்டூல் போட்டாள், நட்சத்திரம் கட்ட ஏறிய அதே ஸ்டூல்.

"பெரியவரே, அன்னைக்கு டீக்கடையில" என்று ஆரம்பித்தான்.

"டீய வச்சிட்டுப் போயிட்ட. ஆறிப் போயிருக்கும்."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பிறகு எல்லாம் சொன்னான். நான் கேட்டேன், எமிமாள் கதவில் சாய்ந்து கேட்டாள். ஒரே பலகையை இவனும் ஜெபசிங்கும் பிடித்துக் கிடந்திருக்கிறார்கள். விடிந்தபோது இவன் மட்டும் இருந்திருக்கிறான். எப்போது கை விட்டது என்று இவனுக்குத் தெரியாது. மீதியை டீச்சர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது என்னிடம் இருக்கும்.

போகும்போது சந்தியாகு சொன்னான். "ராத்திரி கண்ண மூட முடியல பெரியவரே. மூடினா பலகை கையில இருக்கு. பக்கத்துல ஆளு இல்ல."

"உங்க ஆர்.சி. மாதா கோயில்ல இதுக்கு என்ன செய்வாவ?"

"பூசைக்குக் குடுத்திருக்கேன். ஜெபசிங்குக்கு."

"உனக்கு?"

எனக்கு யார் கேட்பார்கள் என்பதுபோல் காலைப் பார்த்தான்.

சாயங்காலம் பாய் விரித்தோம். லீலாவதிக்காகக் கேட்டேன், அவள் புருஷனுக்காகக் கேட்டேன். அடுத்து ஜெபசிங்கின் இடம். காலியாக இருந்தது.

"சந்தியாகுவின் கால் ஆற வேண்டும் ஆண்டவரே," என்றேன். "அவனுக்குத் தூக்கம் கொடும்."

எமிமாள் ஆமென் சொன்னாள். அதன் பிறகு அவளுக்காகக் கேட்டேன்.